ஹம் வந்தால் உடனே கேட்ரிஜை மாற்றிவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள், அதை ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த டர்ன்டேபிள், கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையில் இருக்கிறது. தை மாதத்தில் ஒருநாள் போட்டபோது, ஊசியை வைக்கும் முன்பே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று வண்டு மாதிரி இரைந்தது. இந்த இரைச்சலைத்தான் ஹம் என்பார்கள். ரிப்பேர்காரர் ஒருவரை வரச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "கேட்ரிஜ் போச்சுண்ணே, வேற போடணும்" என்றார். ஊசி பொருத்தியிருக்கும் சின்னப் பாகம்தான் கேட்ரிஜ், ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றுவது அதுதான். 4,500 ரூபாய். பழையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அது ஷூர் எம்44. ஷூர் கம்பெனி 2018-லேயே கேட்ரிஜ் தயாரிப்பதை நிறுத்திவிட்டது, பழையதை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இரைச்சல் போகவில்லை. போன் செய்தால், "பழைய வயரிங்ண்ணே, வீட்டு எர்த் சரியில்ல" என்றார்.

பிறகு நானே உட்கார்ந்து பார்த்தேன். ஊசி பிடித்திருக்கும் உலோகக் கையைத் தொட்டதும் இரைச்சல் சட்டென்று அடங்கியது. விரலை எடுத்ததும் திரும்ப வந்தது. அப்படியென்றால் எர்த் வயரில்தான் கோளாறு. பின்பக்கம் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற மெல்லிய வயர், மேலே உறை முழுசாகத்தான் இருந்தது. லேசாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்புக்கம்பி அறுந்திருந்தது. நுனியைச் சீவி முறுக்கித் திருகில் மாட்டினேன், அந்த இரைச்சல் நின்றுவிட்டது. பத்துப் பைசா செலவில்லை.

கேட்ரிஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபையர் அதை நூறு மடங்குக்குப் பக்கமாகப் பெருக்கும். அதிலும் ரெக்கார்டுக்கான ஈக்வலைசேஷன், அதாவது பதியும்போது குறைத்த தாழ்ந்த ஒலியைத் திரும்ப ஏற்றிவிடும் ஏற்பாடு, 1,000 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸைச் சுமார் 7 மடங்கு கூடுதலாக ஏற்றும். நம் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தானே, அதனால் எங்கே சின்னக் கோளாறு இருந்தாலும் ஹம்மாகத்தான் கேட்கும். கேட்ரிஜ் கெட்டால்தான் ஹம் வரும் என்பது இல்லை.

இரைச்சல் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு கேட்ரிஜ் பின்னால் இருக்கும் நாலு வயரில் வெள்ளை, நீலம் இரண்டையும் சிவப்பு, பச்சை இருந்த இடத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கேட்ரிஜ்மேல் சந்தேகப்படலாம். அதே பக்கம் நின்றால் வயரையோ ஆம்ப்ளிஃபையரையோதான் பார்க்க வேண்டும். கேட்ரிஜில் வயர் மாட்டும் கம்பி முனைகளில் சால்டரிங் வைக்க யாரையும் விடாதீர்கள், சூட்டில் உள்ளே சுருள் போய்விடும்.

என் வயிற்றெரிச்சல் இதோடு முடியவில்லை. அவர் போட்ட புதுக் கேட்ரிஜில், ஊசிக் கையை ரெக்கார்டின் நடுப்பக்கம் நகர்த்த நகர்த்த வேறொரு ஹம் ஏறுகிறது. மோட்டாரை நிறுத்தினால் இல்லை. மோட்டாரின் காந்தப்புலத்தை அது அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஐயாவின் கேட்ரிஜில் இந்தத் தொல்லை ஒருநாளும் இருந்ததில்லை.

பழையதைத் திருப்பிக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். மூன்றாம் தடவையிலிருந்து போனை எடுப்பதில்லை. வலது பக்கத் திருகுத் துளையின் ஓரத்தில் சின்னதாக விள்ளல் விட்ட ஷூர் எம்44 எங்காவது விலைக்கு வந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.