பழமும் கிரீமும்: எந்தப் பழத்தை எப்படி உறைய வைப்பது?

கோடையில் பழத்தை உறைய வைத்து உண்ண விரும்புபவருக்கு வீட்டிலேயே ஐந்து வழிகள் உண்டு: பாலும் கிரீமும் சேர்த்து இயந்திரத்தில் கடையும் ஐஸ்கிரீம், நுரைக்க அடித்த கிரீமில் கன்டென்ஸ்டு மில்க் கலந்து கடையாமலே உறைய வைக்கும் ஐஸ்கிரீம், பழமும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த சோர்பே, முள்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுக்கும் கிரானிட்டா, அச்சில் ஊற்றிக் குச்சி செருகும் குச்சி ஐஸ். பெரும்பாலோர் முதலில் செய்முறையைத் தேர்ந்துகொண்டு, பிறகு கைக்குக் கிடைத்த பழத்தை அதில் சேர்க்கிறார்கள். வீட்டு ஐஸ்கிரீம் கல்லாகவோ நறநறவென்றோ போவதற்குப் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. பழத்தை முதலில் பார்த்து, அதற்கேற்ற வழியைப் பிறகு தேர்வதே சரி.

பழத்தில் பார்க்க வேண்டியது அதன் நீர். எடையில் ஸ்ட்ராபெரியும் தர்பூசணியும் ஏறத்தாழ 91 விழுக்காடு நீர். அன்னாசி 86, மாம்பழம் 83, வாழைப்பழம் 75. இந்த நீர் உறையும்போது பனிப்படிகமாகிறது. படிகங்கள் ஏறத்தாழ 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவைத் தாண்டினால் நாக்கு அவற்றை மணலைப் போல உணரத் தொடங்கும். அவற்றைச் சிறியவையாகவே வைத்திருக்க நான்கு துணைகள் உள்ளன: உறைநிலையைத் தாழ்த்தும் சர்க்கரை, படிகங்களுக்கு நடுவே நிற்கும் கொழுப்பு, கலவையை இளக்கமாக்கும் காற்று, உறைய உறைய விடாமல் கலக்கும் அசைவு. மேலே சொன்ன ஐந்து வழிகளும் இந்த நான்கை வெவ்வேறு அளவில் நம்பியிருப்பவை.

இயந்திரத்தில் கடையும் ஐஸ்கிரீம் நான்கையும் ஒருங்கே பயன்படுத்துகிறது. வழவழப்பில் அதற்கு இணையில்லை. அமெரிக்கப் பெண்மணி நான்சி ஜான்சன் 1843-இல் காப்புரிமை பெற்ற கைச்சுழற்சிக் கருவியிலும் இதே முறைதான் இருந்தது: வெளி வாளியில் உப்பு கலந்த பனிக்கட்டி, உள்ளே உலோகப் பாத்திரம், அதன் சுவரில் படியும் பனியை உடனுக்குடன் வழித்தெடுக்கும் தகடு. சரியான விகிதத்தில் உப்பைக் கலந்தால் பனிக்கட்டியின் வெப்பநிலை −21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடும் என்பதால், மின்சாரமே இல்லாமல் அரை மணி நேரத்தில் கலவை கெட்டிப்பட்டுவிடும். இன்றைய வீட்டு இயந்திரங்களில் வாளியின் இடத்தை முன்பே உறைய வைத்த கிண்ணம் பிடித்திருக்கிறது.

ஆனால் பழத்தைப் பொறுத்தவரை இந்த முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, கொழுப்பு நறுமணத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொண்டு மெல்லத்தான் விடும். ஆகவே பழத்தின் கூர்மை மழுங்கி, பாலின் சுவை முன்னால் நிற்கும். இரண்டாவது, மணம் போதவில்லையே என்று பழக்கூழை அள்ளிச் சேர்த்தால், 300 கிராம் ஸ்ட்ராபெரிக் கூழோடு 270 கிராமுக்கும் மேலான நீர் கலவைக்குள் சென்றுவிடும். அத்தனை நீரைத் தாங்கும் சர்க்கரையும் கொழுப்பும் கலவையில் இருப்பதில்லை. கூழைச் சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்து, நன்றாகக் குளிர்ந்த பின் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. சமைக்காத பழத்தின் புத்துணர்வு சற்றுக் குறைந்தாலும், சுவை அடர்த்தியாகிறது. பழத்துண்டுகளை அப்படியே போடுவதையும் தவிர்க்க வேண்டும். நான் முதன்முதலில் செய்த ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீமில் கலவை அருமையாக வந்திருந்தும், உள்ளே கிடந்த துண்டுகள் பல்லைக் கூசவைக்கும் பனிக்கற்களாக மாறியிருந்தன. துண்டுகளைச் சில மணி நேரம் சர்க்கரையில் ஊற வைத்து, வடியும் சாற்றை நீக்கிவிட்டுச் சேர்த்தால் அவை மென்மையாகவே இருக்கும்.

கடையாத ஐஸ்கிரீமை இயந்திரம் இல்லாதவரின் சமாதானமாகப் பலர் கருதுகிறார்கள். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. 35 விழுக்காடு கொழுப்புள்ள குளிர்ந்த கிரீம் 500 மில்லிலிட்டரை நுனி மெல்ல மடியும் பதத்துக்கு அடித்து, 400 கிராம் கன்டென்ஸ்டு மில்க்கை அதில் மெதுவாக மடித்துக் கலந்தால், இயந்திரம் தரும் காற்றை அடித்த கிரீமே தந்துவிடுகிறது. கன்டென்ஸ்டு மில்க்கில் நீர் நான்கில் ஒரு பங்கு அளவே இருப்பதாலும், சேர்த்த சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 45 விழுக்காடு இருப்பதாலும், படிகங்கள் பெரிதாக வளர வழியில்லை. பால் கலவையை ஃப்ரீசரில் வைத்து அரை மணிக்கொருமுறை கரண்டியால் கிளறும் பழைய முறையோடு ஒப்பிட்டால், உழைப்பிலும் பலனிலும் இதுவே மேல். அரை மணி இடைவெளியில் பாத்திரத்தின் ஓரங்களில் உருவாகும் படிகங்களைக் கரண்டியால் முழுதாக உடைக்க முடிவதில்லை.

இதன் குறை அதன் இனிப்பு. நன்கு கனிந்த மாம்பழத்தை இதில் சேர்த்தால் இனிப்பின் மேல் இனிப்பாகி, இரண்டு கரண்டிக்கு மேல் உண்ண முடியாது. புளிப்புள்ள பழங்களுக்கோ இது மிகப் பொருத்தமான துணை. ராஸ்பெரியும் பேஷன் ஃப்ரூட்டும் எலுமிச்சையும் இந்த இனிப்போடு மோதிச் சமநிலை அடைகின்றன. இங்கே இன்னொரு நன்மையும் உண்டு. சூடான பாலில் எலுமிச்சை விட்டால் திரிந்துவிடும். கன்டென்ஸ்டு மில்க்கோ அதே சாறு பட்டதும் திரியாமல் தயிர்போல ஒரே சீராகக் கெட்டிப்படும். மாம்பழத்தைத்தான் சேர்க்க வேண்டும் என்றால் கன்டென்ஸ்டு மில்க்கை 250 கிராமாகக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். சற்றே இறுகலாக உறையும்; சுவை நேராகிவிடும்.

சோர்பேயில் கொழுப்பு இல்லை. பழத்துக்கும் நாக்குக்கும் நடுவே திரையும் இல்லை. பழத்தின் மணத்துக்காகவே உண்பவர்கள் இதைத்தான் தேர்வார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் துணைக்குக் கொழுப்பு இல்லாததால் சர்க்கரையின் அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். பழத்தின் சொந்தச் சர்க்கரையையும் சேர்த்து மொத்தம் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் கரண்டிக்கு இணங்கும். குறைந்தால் பாறையாகும், மிகுந்தால் உறையாமல் குழைந்தே கிடக்கும். ஸ்ட்ராபெரியில் இயற்கைச் சர்க்கரை சுமார் 5 விழுக்காடு, மாம்பழத்தில் சுமார் 14. ஆகவே 500 கிராம் ஸ்ட்ராபெரிக் கூழுக்கு 150 கிராம் சர்க்கரையும், அதே அளவு மாம்பழக் கூழுக்கு 90 கிராமும் தேவைப்படும். கணக்கு வேண்டாம் என்பவர்களுக்குக் கழுவிய பச்சை முட்டை உதவும்: கரைசலில் அதை மிதக்க விட்டால் மேலே ஒரு சிறு நாணய அளவுக்கு ஓடு தெரிய வேண்டும், மூழ்கினால் சர்க்கரை போதாது. கலவையை உறைவதற்கு முன் சுவைத்தால் திகட்டுவதுபோல்தான் இருக்கும். குளிர்ச்சி இனிப்பை அடக்கிவிடும் என்பதால் அதைக் கண்டு அஞ்சிக் குறைக்கக் கூடாது. கிரீம் இல்லாததால் சோர்பே உடலுக்கு இலேசானது என்ற எண்ணமும் பாதியே உண்மை. கொழுப்பு இல்லையென்றாலும் சர்க்கரை ஐஸ்கிரீமில் உள்ளதைவிடக் குறைவதில்லை, பல சமயங்களில் கூடுதலாகவே இருக்கிறது. இயந்திரம் இல்லாதவர்கள் கலவையைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை வலுவான மிக்ஸியில் விட்டு விட்டு அடித்து உடனே பரிமாறலாம்.

சர்க்கரையைக் குறைக்க விரும்புபவருக்கு உரியது கிரானிட்டா. படிகம் பெரிதாக இருப்பதே அதன் இயல்பு என்பதால் பாதிச் சர்க்கரையே போதும்; தர்பூசணிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. குச்சி ஐஸுக்கும் இனிப்பு குறைவாக இருக்கலாம், ஏனெனில் அதைக் கரண்டியால் அள்ள வேண்டியதில்லை. சீக்கிரம் கடிபட வேண்டுமென்றால் கொஞ்சம் கெட்டித் தயிரைக் கலந்தால் போதும்.

இந்த ஐந்திலும் சேராத தனிப் பழம் வாழை. கரும்புள்ளி விழக் கனிந்த பழத்தைத் தோலுரித்து வில்லைகளாக்கி உறைய வைத்து மிக்ஸியில் அடித்தால், அதிலுள்ள பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் நார்ப்பொருளும் குறைவான நீரும் சேர்ந்து, கிரீமோ சர்க்கரையோ இல்லாமலே ஐஸ்கிரீமின் குழைவைத் தருகின்றன. உடனே உண்டுவிட வேண்டும். மீண்டும் உறைந்தால் இறுகிவிடும். இதற்கு நேரெதிர் அன்னாசி, கிவி, பப்பாளி. இவற்றைப் பச்சையாகப் பாலோடு சேர்த்தால் இவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். கூழைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் நொதி செயலிழக்கும். அதைவிட இவற்றைச் சோர்பேக்கே விட்டுவிடலாம்.

உண்ணும் நேரமும் தேர்வை மாற்றும். சோர்பேயில் பனியின் பங்கு அதிகம், பனி உருகும்போது வாயிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; ஐஸ்கிரீமின் கொழுப்போ நாக்கில் மெல்லிய போர்வையாகப் படிந்து குளிர்ச்சியைத் தணிக்கும். அதனால் உச்சிவெயிலில் சோர்பேயும், இரவு உணவுக்குப் பின் ஐஸ்கிரீமும் எனக்கு உகந்தவை. வீட்டு ஃப்ரீசரின் −18 டிகிரியில் இரண்டுமே இறுகியிருக்கும் என்பதால், பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சோர்பேயை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஐஸ்கிரீம் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

மாம்பழத்துக்கு மட்டும் நான் ஒரு பக்கம் சாய்வதில்லை. நீண்ட பெட்டியில் எலுமிச்சை சேர்த்த கடையாத ஐஸ்கிரீமை அடியில் பரப்பி, மூன்று மணி நேரம் இறுகவிட்டு, அதன் மேல் அப்போதுதான் அடித்தெடுத்த மாம்பழச் சோர்பேயை ஊற்றுகிறேன். மேலடுக்குக்கு வழக்கத்தைவிட 20 கிராம் சர்க்கரையைக் கூட்டிவிட்டால், இரண்டு அடுக்கும் ஒரே அளவு இளகி, ஒரே கரண்டியில் சேர்ந்து வருகின்றன.