நாலு நொடியில் அணைந்த கம்ப்யூட்டர், அதற்கு நான் அழுத அரை மாதச் சம்பளம்

கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மாதச் சம்பளம் போய்விட்டது. யாரும் பூட்டை உடைத்து எடுத்துப்போகவில்லை, நானே வீட்டுக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் கொடுத்தேன். டெஸ்க்டாப் ஆன் ஆகும்போதே அணைந்துபோகிற தொல்லை யாருக்காவது இருந்தால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கோளாறு இதுதான். பவர் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், சில நாள் திரையில் லோகோ எட்டிப் பார்க்கும், சில நாள் அதுகூட இல்லை, பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். விண்டோஸ் பக்கமே போகாது. திரும்ப நாலைந்து தடவை அமுக்கினால் திடீரென்று ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ராத்திரி வரைக்கும் ஓடும். மாதக் கடைசி, கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய நேரம். பதற்றத்தில், வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பழுது பார்க்கும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. நட்சத்திரம் நட்சத்திரமாகக் காட்டி, 'சான்று பெற்ற வல்லுநர்' என்று போட்டிருக்குமே, அந்த வகை.

வந்தவர் நல்ல பணிவு. அதுதான் முதல் ஆபத்து என்று இப்போது தோன்றுகிறது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றினார், புளோயரால் தூசியை ஊதினார், செல்போன் விளக்கை உள்ளே அடித்து ஒரு இடத்தைக் காட்டி, "கெப்பாசிட்டர் உப்பியிருக்கு பாருங்க மேடம், மதர்போர்டு போயிடுச்சு" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? குட்டிக் குட்டி டப்பாக்களாகத் தெரிந்தன, உப்பியிருக்கிறது என்று அவர் சொன்னதும் உப்பியிருக்கிற மாதிரியே இருந்தது. அப்புறம் அவர் சொன்ன ஒரு வரியில்தான் நான் விழுந்தேன்: "வேற யாராவது வந்திருந்தா புது கம்ப்யூட்டரே வாங்கச் சொல்லியிருப்பாங்க மேடம், நான் உங்களுக்கு மிச்சம் பண்ணிக் கொடுக்கிறேன்." என் பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு மனிதர் வந்திருக்கிறாரே என்று எனக்கு நெகிழ்ச்சி வேறு.

கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தார். என் கண் முன்னால் ஆன் செய்தார், ஓடியது. "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்." சொன்னேன். பழைய போர்டு எங்கே என்று கேட்டதற்கு, "அது டெட் போர்டு, வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க, ஸ்கிராப்புல போட்டாச்சு" என்றார். சரி, குப்பைதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆன் செய்தேன். ஃபேன், விளக்கு, பட். அதே பழைய கதை.

கூப்பிட்டதும் வந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். இந்த முறை எஸ்எம்பிஎஸ், அதாவது கேபினெட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி, போய்விட்டதாம், புது போர்டுக்குப் பழைய எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லையாம். அதற்கும் பணம். மொத்தம் கூட்டினால் அரை மாதச் சம்பளம். மாற்றிவிட்டு ஓட்டிக் காட்டினார், ஓடியது, இன்னொரு ஓடிபி. இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மூன்றாம் நாள் மறுபடியும் பட். இப்போது போனில் அவர் குரலே மாறிவிட்டது. "எங்க டேபிள்ல நல்லா ஓடுச்சு மேடம், உங்க வீட்டு கரண்ட்லதான் பிரச்சினை, ஒரு யுபிஎஸ் வாங்கிடுங்க, நம்மகிட்டயே இருக்கு." அதையும் வாங்குவதற்கு இருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி சித்தி மகன் வந்தான். ஸ்க்ரூ டிரைவரைக் கேட்பான் என்று பார்த்தால், செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டு, "ஆன் பண்ணுக்கா" என்றான். அணைந்ததும் நிறுத்தினான். நாலு நொடி. மறுபடி. நாலு நொடி. மறுபடி. அதே நாலு. சிரித்துவிட்டான். "கம்ப்யூட்டர் ஹேங் ஆனா நீ என்னக்கா பண்ணுவே?" பட்டனை அப்படியே அமுக்கிப் பிடித்து அணைப்பேன் என்றேன். "அதேதான். உன் பட்டன் உள்ளே போய் மாட்டிக்குது, வெளியே வரலே. யாரோ விடாம அமுக்கிப் பிடிச்சிருக்காங்கன்னு போர்டு நினைச்சு அணைச்சுடுது."

கேபினெட்டின் முன்பக்கத்துப் பவர் பட்டனிலிருந்து இரண்டு கம்பி மதர்போர்டுக்கு வருகிறது, ஒரு சின்ன இரண்டு பின் கனெக்டர். அதைப் பிடுங்கினான். அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுத்தான். ஆன் ஆகி விண்டோஸ் வந்து நின்றது. அணைத்து அணைத்துப் பத்து தடவை செய்தோம். பத்து தடவையும் ஓடியது. பட்டனைக் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் பிசுபிசுவென்று அழுக்கு, ஸ்பிரிங்கில் உயிரே இல்லை. இதற்கா அரை மாதச் சம்பளம்!

அப்போதுதான் 'எங்க டேபிள்ல ஓடுச்சு' என்பதற்கும் அர்த்தம் புரிந்தது. பெரும்பாலும் போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துத்தான் சோதிப்பார்கள், இதே மாதிரி பின்னைத் தொட்டுத்தான் ஆன் செய்வார்கள் என்று தம்பி சொன்னான். கேபினெட் பட்டன் அங்கே கணக்கிலேயே இல்லை. ஓடாமல் என்ன செய்யும்? அந்தக் கெப்பாசிட்டரை முதல் நாளே என் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், தம்பி பெரிதாக்கிக் காட்டினான், எல்லாத் தலையும் சப்பையாக, ஒழுங்காக இருந்தது. ஆக, நல்ல போர்டைக் கொடுத்துவிட்டு, பணத்தையும் கொடுத்து, வேறு போர்டு வாங்கியிருக்கிறேன். அது புதிதும் இல்லை, திருகு துளைகளைச் சுற்றி ஏற்கனவே கழற்றி மாட்டிய கீறல்கள். கூடவே, விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு சேர்ந்தது என்பதால் இப்போது திரை ஓரத்தில் 'ஆக்டிவேட் செய்யவும்' என்று ஒரு வாசகம் நிரந்தரக் குடியாக வந்திருக்கிறது.

இன்று காலையிலிருந்து செயலியின் உதவிப் பிரிவோடு மல்லுக்கட்டுகிறேன். முதலில் வந்தது இயந்திரம், 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்றது. அடுத்து வந்தவர் மனிதர்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: மாற்றிய பாகங்களுக்கு உத்தரவாதம் உண்டு, ஆனால் உங்கள் பாகங்களில் கோளாறு இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், எனவே திருப்பித் தர ஒன்றுமில்லை. மாற்றவே தேவையில்லாத பாகத்தை மாற்றியதுதானே புகார் என்றால், ஓடிபி கொடுத்ததால் வேலை திருப்தியாக முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதாம். பழைய போர்டைத் தாருங்கள் என்றால் அது வல்லுநருக்கும் எனக்கும் உள்ள விஷயமாம். வல்லுநர் போனை எடுப்பதில்லை. மத்தியானம் புகாரை மூடிவிட்டார்கள்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் இருக்கிற எரிச்சலில் நினைவில் நிற்பதை மட்டும் சொல்கிறேன். எத்தனை நொடியில் அணைகிறது என்று முதலில் எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நொடி என்றால் பட்டனைச் சந்தேகியுங்கள். அமுக்கியதும் கண்ணிமைக்கிற நேரத்தில் அணைந்தால் எங்கோ ஷார்ட், அல்லது எஸ்எம்பிஎஸ். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறி அணைந்தால் பிராசசர் மேலே உள்ள கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கக்கூடிய, போர்டின் அமைப்புத் திரை) போய்ச் சும்மா விட்டுவையுங்கள், அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள், வெப்பநிலையும் அங்கேயே தெரியும். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். ஓடிபியை ஆன் ஆன உடனே கொடுக்காதீர்கள், அவர் அவசரப்பட்டாலும் உட்காரவைத்துப் பத்து தடவை அணைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும்.

தம்பி போகும்போது ரீசெட் பட்டனின் கம்பியைப் பவர் பின்னில் மாட்டிவிட்டுப் போனான். இப்போது ரீசெட்டை அமுக்கித்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறேன், செலவு ஒன்றுமில்லை. இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே செயலியிலிருந்து செய்தி வருகிறது: எங்கள் வல்லுநருக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?