கே-வேவுடன் ஐந்து ஆண்டுகள்

அப்பாவுக்குக் கை நடுக்கம். கோப்பிக் கடையில் கோப்பையைத் தூக்கினால் பாதி தட்டில் சிந்திவிடும். மண்டை ஓட்டைத் திறக்காமல் மீயொலியை மூளைக்குள் குவித்து நடுக்கத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2016ல் அனுமதி கிடைத்தது. அந்த ஒலி எலும்பைத் தாண்டி எங்கே போய்க் குவியும் என்று கணினியில் பார்ப்பதுதான் இங்கே சிங்கப்பூரில் என் வேலை. அதற்கு ஐந்து ஆண்டுகளாக நான் நம்பியிருப்பது கே-வேவ்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பிராட்லி டிரீபியும் பென் காக்ஸும் 2010ல் ஆய்விதழ் ஒன்றில் அறிமுகம் செய்த மென்பொருள் இது. இலவசம். முதலில் மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்காக எழுதப்பட்டது. இப்போது பைத்தான் நிரல்மொழியிலும் கிடைக்கிறது. அலை போகும் இடத்தைப் புள்ளிகளாலான கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒலியைக் கணக்கிடும். பழைய முறைகளில் ஓர் அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளியாவது வேண்டும். இதில் கோட்பாட்டளவில் இரண்டே போதும். ஆனால் எலும்பு குறுக்கே வந்தால் அந்த இரண்டை நம்பாதீர்கள். ஆறுக்குக் குறைந்து நான் வைப்பதில்லை. புள்ளி இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவேன். குவியம் நகராமல் நின்றால்தான் அந்த விடையை எடுத்துக்கொள்வேன்.

அதற்கு விலை உண்டு. முப்பரிமாணத்தில் இடைவெளியைப் பாதியாக்கினால் நினைவகம் எட்டு மடங்கு, நேரம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. பக்கத்துக்கு 512 புள்ளி வைத்த கனசதுரத்தில் அழுத்தத்தை மட்டும் ஒருமுறை சேமிக்கவே அரை ஜிகாபைட் போய்விடும். துகள் வேகம், அடர்த்தி எல்லாம் அதற்கு மேல். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் தலை முழுவதையும் ஓட்ட நினைக்காதீர்கள்.

முதல் மாதம் என்னை அழவைத்தது கட்டத்தின் ஓரம். வெளியேறும் அலை மறுபக்கமாக உள்ளே வந்துவிடாமலிருக்க, ஓரங்களில் அலையை விழுங்கும் படலம் ஒன்று இருக்கும். இருபரிமாணத்தில் அது பக்கத்துக்கு 20 புள்ளி. நீங்கள் மாற்றாவிட்டால் உங்கள் கட்டத்துக்கு உள்ளேயே இடம்பிடிக்கும். என் ஒலிமூலத்தை அதற்குள் வைத்துவிட்டேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அலை மட்டும் மெலிந்து வந்தது. திசுவில்தான் தேய்கிறது என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாடத்தைக் கற்றுத் தந்தது அகர் அகர். திரையில் வரும் விடையை நிஜத்தோடு ஒப்பிட, தேக்கா சந்தையில் வாங்கிய தூளைக் காய்ச்சி, திசுவுக்குப் பதிலாகக் குமிழி இல்லாமல் கட்டியாக்கி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன். ஒலிமூலத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்குள் ஒலியைப் பிடிக்கும் கருவி. திரையில் அலை 65 மைக்ரோ விநாடியில் வந்தது, தொட்டியில் 67ல். ஒரு மெகாஹெர்ட்ஸில் அந்த வித்தியாசம் முழுதாக இரண்டு அலைச்சுற்று. நிரலை இரண்டு நாள் குடைந்தேன். குழுவில் மூத்தவரான அக்கா எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "தண்ணி என்ன டிகிரின்னு பாத்தியா?"

குளிரூட்டிய அறையில் 23 டிகிரி. அந்தத் தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,490 மீட்டர்தான் போகும். அகர் அகர் கட்டியும் பெரும்பகுதி தண்ணீர்தானே. நான் கொடுத்திருந்ததோ 1,540. அது உடல் சூட்டில் மென்திசுவின் சராசரி. எண்ணை மாற்றியதும் திரையின் அலையும் தொட்டியின் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. கே-வேவ் அதுவரை போட்ட கணக்கில் தவறே இல்லை. நான் கேட்ட கேள்விதான் வேறு பொருளைப் பற்றியது.

எலும்பில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. சிடி ஸ்கேனின் வெண்மையிலிருந்து எலும்பின் அடர்த்தியையும் ஒலி வேகத்தையும் கணிக்கப் பல சூத்திரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் குவியத்தைச் சற்றே வேறு இடத்தில் வைக்கும். மூளைக்குள் அந்தச் 'சற்றே' சின்ன விஷயமல்ல. அதனால் ஒரே ஒரு படத்தை நான் யாரிடமும் நீட்டுவதில்லை. மூன்று சூத்திரத்தில் ஓட்டி மூன்றையும் காட்டுகிறேன். கே-வேவின் சாதாரண நிரல் எலும்பையும் திரவம்போலவே பார்க்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அலை சாய்வாக மோதும் இடங்களில் எலும்புக்குள் குறுக்கலையும், அதாவது போகும் திசைக்குக் குறுக்காக அதிரும் அலையும், எழும். அதற்குத் தனி நிரல் இருக்கிறது. நேரமும் நினைவகமும் அதிகம் கேட்கும். காதுப்பக்கம் போகும் கோணங்களுக்கு மட்டும் அதை ஓட்டுகிறேன்.

போன வாரம் குழுவுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தார். மண்டை ஓட்டுப் படத்தைத்தான் முதலில் கேட்டார். அவர் கையில் வெப்பமானியைக் கொடுத்தேன்.