துளையில்லாத கருவிக்கு எந்தச் சார்ஜிங், எங்கே ஆன்டெனா?

முழுக்க மூடி ஒட்டப்படும் சிறு கருவிகளை வடிவமைக்கும்போது, சார்ஜிங் முறையை முதலில் முடிவு செய்துவிட்டு மிஞ்சிய மூலையில் ஆன்டெனாவைச் செருகுவதே பலரின் வழக்கம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வயரில்லாமல் மின்சாரம் வாங்கும் சார்ஜிங் காயில், அதன் பின்னால் ஒட்டும், காந்தப்புலத்தை வழிநடத்தும் ஃபெரைட் தாள், பேட்டரி, ஆன்டெனா ஆகிய நான்கும் ஒரே சில சென்டிமீட்டர் இடத்துக்குப் போட்டியிடுபவை. ஆகவே சார்ஜிங்கையும் ஆன்டெனாவையும் சேர்த்தே அலச வேண்டும்.

சார்ஜே வேண்டாம் என்றால்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சராசரியாக 20 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும் புளூடூத் சென்சாரை, 2.4 ஆம்பியர்-மணி கொண்ட ஏஏ அளவு லித்தியம் தயோனைல் குளோரைடு செல் காகிதக் கணக்கில் 13 ஆண்டுகள் ஓட்டும். தானாக வடிவதையும் குளிரையும் கழித்தாலும் பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் இந்தச் செல் நெடுநாள் சும்மா கிடந்தால் உள்ளே மெல்லிய படலம் படியும். ரேடியோ திடீரென மின்னோட்டம் கேட்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆகிவிடும். செல்லுக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர் போட்டால் போதும். 10 மில்லி ஆம்பியர், 3 மில்லி நொடி துடிப்புக்கு 100 மைக்ரோ ஃபாரட் இருந்தால், செல் எதுவுமே தராவிட்டாலும் வீழ்ச்சி 0.3 வோல்ட்டோடு நின்றுவிடும். செராமிக் கெப்பாசிட்டர் என்றால் வோல்ட் ஏற ஏற அதன் மதிப்பு குறையும். அதையும் கணக்கில் சேருங்கள்.

திரை, இதயத்துடிப்பு ஒளிச் சென்சார், ஒலி என்று வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

காந்தப் பின்களா, க்யூஐ காயிலா?

கருவியின் புறத்தில் இரண்டு தங்கப் பூச்சுத் தொடுபுள்ளிகள், சார்ஜரில் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பின்கள். மலிவு, மெலிவு, திறன் மூன்றிலும் இதுவே முன்னால் நிற்கிறது. ஸ்பிரிங் பின் எப்போதும் சார்ஜர் பக்கம்தான் இருக்க வேண்டும். அதைக் கருவியில் வைத்தால் ஸ்பிரிங் நகரும் இடைவெளி வழியாகவே நீர் இறங்கும். கருவியில் அசையாத உலோகத் துண்டை பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்ப்பது நல்லது.

இந்த முறையைக் கொல்வது அரிப்பு. சார்ஜ் செய்யாத நேரத்திலும் சார்ஜர் சிப் வழியாகப் பேட்டரியின் மின்னழுத்தம் தொடுபுள்ளிக்குக் கசிந்தால், வியர்வையோ கடல்நீரோ பட்டதும் மின்பகுப்பு தொடங்கும். ஒரு புள்ளி கறுத்துத் தின்னப்படும். கருவியை இயக்கிவிட்டு, சார்ஜர் இல்லாமல், இரு புள்ளிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சில நூறு மில்லி வோல்ட் தெரிந்தாலே பின்னோட்டத்தை முழுதாகத் தடுக்கும் லோடு ஸ்விட்ச் தேவை. மிச்சக் கசிவை வடிக்கப் புள்ளிகளுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். நிலைமின் பாதுகாப்பு டயோடும் அங்கேயே இருக்கட்டும்.

நீர் புகாத யுஎஸ்பி-சி துளையும் உண்டு. உடலுக்குள் நீர் போகாது என்றாலும் துளைக்குள் தேங்கும். நாளும் நனையும் கருவிக்கு அது பொருந்தாது.

க்யூஐ (Qi) என்பது கைபேசிகளை வயரில்லாமல் சார்ஜ் செய்யும் பொதுத் தரநிலை. அதன் பெரிய பலம், பயனாளரிடம் ஏற்கெனவே சார்ஜர் இருக்கும் என்பது. அடிப்படை வகை 5 வாட் வரை தரும். சுமார் 100 முதல் 205 கிலோஹெர்ட்ஸில் இயங்கும். கைபேசிக்கு இது சரி. 100 மில்லி ஆம்பியர்-மணி செல் கொண்ட கருவிக்கோ பாதி விகிதத்தில் சார்ஜ் ஏற்ற 50 மில்லி ஆம்பியர், அதாவது கால் வாட்டே போதும். இங்கே மூன்று தொல்லைகள். சார்ஜரின் காயில் 40 மி.மீ.க்கும் மேல் அகலம், கருவியின் காயில் 20 மி.மீ. என்றால் பிணைப்பு பலவீனமாகி, நகர்ந்தாலே அறுந்துவிடும். ஆற்றலைப் பெறும் கருவி தன் சுமையை மாற்றித்தான் சார்ஜரோடு பேசுகிறது. சார்ஜ் முடியும் தறுவாயில் சுமை குறைந்ததும் அந்தப் பேச்சு கேட்காமல் சார்ஜர் நின்று நின்று தொடங்கும். இதைத் தவிர்க்கச் சிறு போலிச் சுமை சேர்ப்பார்கள், அதுவும் வெப்பம்தான். மூன்றாவது தொல்லை அந்த வெப்பமே. காற்றோட்டமில்லாத கூட்டில் காயிலை ஒட்டியே பேட்டரி இருப்பதால், சார்ஜுக்கான 45 டிகிரி வரம்பு சீக்கிரம் எட்டும். வெப்பச் சென்சாரைப் போர்டில் வைக்காமல், செல்லின் காயில் பக்கத்து முகத்தில் ஒட்டுங்கள். கூட்டின் சுவரையும் 2 மி.மீ.க்குள் வைப்பது நல்லது.

கவனிக்கப்படாத என்எஃப்சி

என்எஃப்சி (NFC) என்பது கைபேசியைத் தொட்டுப் பணம் செலுத்த உதவும் அதே குறுந்தூர ரேடியோ. 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அதன் சார்ஜிங் 1 வாட் வரை தரும். சிறு செல்லுக்கு இதுவே தாராளம். போர்டிலோ வளையும் ஃப்ளெக்ஸ் தாளிலோ வரைந்த மெல்லிய சில சுற்றுகளே காயிலாகும். கைபேசியோடு இணைக்கும் பேரிங்கும் (pairing) அதே காயிலில் நடக்கும். செல்லின் உலோக உறைக்கும் காயிலுக்கும் இடையே ஃபெரைட் தாள் கட்டாயம். க்யூஐக்கு வாங்கிய தாளை இங்கே ஒட்டினால் இழப்பு கூடி வரம்பு சுருங்கும், 13.56க்கென்று விற்பதையே கேட்டு வாங்குங்கள். குறை ஒன்றுதான்: சார்ஜரையும் நீங்களே தர வேண்டும். செல் 100 மில்லி ஆம்பியர்-மணிக்குக் கீழே, தொடுபுள்ளியும் கூடாது என்றால் க்யூஐயைவிட இதையே பரிந்துரைப்பேன். தொடுபுள்ளிக்குத் தடையில்லை என்றால் பின்களே போதும்.

எந்தக் காயிலானாலும், அதைச் சுற்றி போர்டின் கிரவுண்டு செம்பு முழு வளையமாக ஓடக் கூடாது. அந்த வளையமே குறுக்கிணைந்த ஒரு சுற்றாகி ஆற்றலைத் தின்று சூடாகும். ஓரிடத்தில் வெட்டி விடுங்கள்.

ஆன்டெனா

2.4 ஜிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 31 மி.மீ. சிப் ஆன்டெனா சிறிதுதான், ஆனால் உண்மையில் கதிர்ப்பதில் பெரும்பங்கு போர்டின் கிரவுண்டுக்கு. கிரவுண்டு அந்த நீளத்துக்கும் குறைந்தால் டேட்டாஷீட்டின் எண்களை மறந்துவிடலாம். போர்டில் வரையும் எஃப் வடிவ ஆன்டெனாவுக்குச் செலவில்லை, இடம் கூடுதல். மூடியின் உட்புறம் ஒட்டும் ஃப்ளெக்ஸ் ஆன்டெனாவையே அதிகம் நம்பலாம்: காயிலிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் மிகத் தள்ளி நிற்கும். ஒட்டும் இடம் 1 மி.மீ. பிசகினாலும் டியூனிங் மாறும் என்பதால், கூட்டில் அதற்கென்று ஒரு வரம்பு விளிம்பு வார்க்க வேண்டும்.

காயில் ஒரு முனை, ஆன்டெனா எதிர்முனை. இடையே குறைந்தது 10 மி.மீ. காயிலின் பின்னுள்ள ஃபெரைட் 2.4 ஜிகாஹெர்ட்ஸை உறிஞ்சிவிடும்.

வெறும் போர்டில் டியூன் செய்வது வீண். கூட்டை நிரப்பும் எபாக்சி பிசினை ஊற்றியதும் ஒத்ததிர்வு 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கீழிறங்கக்கூடும். பேண்டின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் π எழுத்து வடிவ மேட்சிங் சுற்றின் பாகங்களுக்கு மூன்று இடங்களைப் போர்டில் விட்டு, மெல்லிய கோஆக்ஸ் ஒன்றைப் பற்றவைத்து, பேட்டரி, காயில், ஃபெரைட், எபாக்சி எல்லாம் வைத்து மூடிய பிறகு, உடலில் அணியும் கருவி என்றால் கையில் கட்டியே, நெட்வொர்க் அனலைசரில் அளக்க வேண்டும். 2400 முதல் 2483.5 வரை முழுதும் எதிரொளிப்பு மைனஸ் 10 டெசிபெல்லுக்குக் கீழே இருக்கட்டும். கேபிளில் ஃபெரைட் மணிகளைக் கோக்காவிட்டால் கேபிளே ஆன்டெனாவாகி அளவைப் பொய்யாக்கும்.

மூடியபின் ரீசெட் பொத்தான் இல்லை. காந்தத்தை 10 நொடி காட்டினால் மின்சாரத்தையே துண்டிக்கும் ஹால் சென்சார் ஒன்றை, ஃபெர்ம்வேரைச் சாராத சுற்றில் வையுங்கள். முழுதும் வடிந்த செல்லோடு ஒரு மாதிரியைச் சார்ஜரில் வைத்து, ஃபெர்ம்வேர் எழும் முன்பே சார்ஜ் ஏறத் தொடங்குகிறதா என்று ஒட்டும் முன் பார்த்துவிடுங்கள்.