டிஸ்பேஸ் 7: நிர்வாகி லாகின் அமைப்பது எப்படி இருக்கிறது?

சேலத்துக் கல்லூரி நூலகங்கள் ஆய்வேடுகளைச் சேமிக்க டிஸ்பேஸை நம்பலாம்; இலவச மென்பொருள். டேட்டாபேஸ் மைக்ரேட் (டேட்டாபேஸில் அட்டவணைகளை உருவாக்கும் படி) முடிந்ததும் ‘கிரியேட்-அட்மினிஸ்ட்ரேட்டர்’ கமாண்டை ஓட்டினால் மின்னஞ்சல், பெயர், பாஸ்வேர்டு கேட்கும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு மறந்துபோனால் அதே மின்னஞ்சலைக் கொடுத்து மறுபடி ஓட்டலாம், அருமையான வசதி. ரூட்டாக (சர்வரின் முழு அதிகாரக் கணக்கு) மட்டும் ஓட்டாதீர்கள். லாக் ஃபைல் ரூட் பெயரில் உருவானால் டிஸ்பேஸை இயக்கும் சர்வர் மென்பொருளான டாம்கேட்டால் அதில் எழுத முடியாது.

லாகின்தான் படுத்தும். சர்வரில் திறந்தால் நுழையும். வாசிப்பறைக் கணினியிலிருந்து ஐபி முகவரியில் போனால் 403 (அனுமதி மறுப்பு) பிழை வரும். லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) தவிர வேறெங்கும் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல், லாகினுக்குத் தேவையான குக்கீ பிரவுசரில் நிற்காது என்பதே காரணம். ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் போட்டபின், டிஸ்பேஸின் அமைப்பு ஃபைலான லோக்கல்.சிஎஃப்ஜியில் ‘டிஸ்பேஸ்.யுஐ.யுஆர்எல்’ மதிப்பு பிரவுசர் முகவரியோடு அப்படியே பொருந்த வேண்டும். கடைசியில் சாய்வுக்கோடு கூடாது. பிறகு டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிழைச்செய்தி இதைத் தெளிவாகச் சொல்லாதது பெரிய குறை.