வேலூர்க்காரனுக்கு ரீல் ஒன்றா, இரண்டா?

குடியாத்தத்தில் இருக்கும் என் மச்சான் போன மாதம் போன் செய்து, "மாமா, தூண்டில் போட ஏரிக்கு ஒரு செட்டு, கடலுக்கு ஒரு செட்டுன்னு தனித்தனியா வாங்கட்டுமா, இல்ல ஒண்ணே போதுமா?" என்று கேட்டான். இதையே இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாங்கு என்றிருப்பேன். நானே அப்படித்தான் வாங்கினேன். இப்போது என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்பின்னிங் ரீல் (கைப்பிடியைச் சுற்றி நூலை இழுக்கும் கருவி), அதற்கு இரண்டு ஸ்பூல் (நூல் சுற்றியிருக்கும் உருளை), அப்புறம் இரண்டு ராடு (தூண்டில் கம்பு).

முதலில் ஒன்று. இந்தக் கேள்விக்கு சென்னைக்காரர் சொல்லும் பதில் நமக்குப் பொருந்தாது. தண்ணீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் கொஞ்சம் அடங்கினார்கள், ஆனாலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்தக் கேலி உண்மைதான். அதனால் தூண்டில் போடுகிறவனுக்கு இங்கே ஏரிதான் கதி. காவேரிப்பாக்கம் ஏரி, மோர்தானா பக்கம், மழை நன்றாகப் பெய்த வருஷம் ஊருக்கு ஊர் நிரம்பிக் கிடக்கும் சின்ன ஏரிகள். கடல் என்றால் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், அல்லது நம் பாலாறே போய்க் கலக்கிற வயலூர் முகத்துவாரம். எதுவானாலும் சுமார் 140 கிலோமீட்டர். ஏரிக்கு வாரம் தவறாமல் போகிறேன், கடலுக்கு வருஷத்தில் ஆறு ஏழு தடவை போனால் அதிகம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு செட்டின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏரிக்கு 2500 அளவு சின்ன ரீல், ஏழடி ராடு. காலையிலிருந்து வீசினாலும் மணிக்கட்டு வலிக்காது. கடலுக்கு 4000 அல்லது 5000, எட்டரை ஒன்பதடி ராடு, அலை தாண்டி வீச வேண்டும், கொடுவா மீனோ பாறை மீனோ இழுத்துக்கொண்டு ஓடினால் நூல் இருப்பு வேண்டும். ஒன்றின் வேலையை மற்றது முழுசாகச் செய்யாது. உப்புப் பட்டது உப்போடு, ஏரி ரீல் ஏரியோடு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சேதம் தொற்றாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் இதைக் கேட்டுத்தான் கடலுக்கென்று தனியாக ஒரு 5000 ரீல் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் தப்பு அதன் மேல் இல்லை.

ஒரு அக்டோபரில் முட்டுக்காடு போனோம். சீலா இரண்டு, வேறொன்றும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ராத்திரி பதினொன்றரை. ரீலை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துப் பையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். அப்புறம் மழை, ஏரிகள் நிரம்பின, விரால் சீசன் மாதிரி ஆகிவிட்டது, கடல் ஞாபகமே இல்லை. பொங்கலுக்கு அடுத்த வாரம் பையைத் திறந்தால் கைப்பிடி பாதிச் சுற்றில் நிற்கிறது. லைன் ரோலர், அதாவது நூல் திரும்பி உள்ளே போகும் அந்தக் குட்டி உருளை, விரலால் தள்ளினாலும் அசையவில்லை. ரீலை ராடில் பொருத்தும் காலில் பெயிண்ட் உரிந்த ஒரு கீறலைச் சுற்றி வெள்ளையாகப் பவுடர் பூத்திருந்தது. அலுமினியம் உப்பில் அரிபட்டால் இரும்பு மாதிரி செந்துரு வராது, இப்படித்தான் விபூதி பூசினாற்போல இருக்கும்.

ஊரில் ரீல் ரிப்பேர் செய்கிறவர் யாரும் எனக்குத் தெரியாது. தையல் மெஷின் சரிசெய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டு போனேன். சின்னச் சின்ன ஸ்க்ரூவைச் சேதாரமில்லாமல் கழற்ற அவரைப் போல ஆள் இல்லை. பக்கத்து மூடியைத் திறந்து, பேரிங்கை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். உள்ளே இருக்கும் குண்டுகள் தெரியவே இல்லை, பழுப்பாக ஒரு வளையம், அவ்வளவுதான். "எத்தனை நாளா இதைச் சுத்தல?" என்று கேட்டார். எவ்வளவு நாளாகக் கடலில் பயன்படுத்துகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, எத்தனை நாளாகச் சுற்றவில்லை என்றுதான் கேட்டார். தையல் மெஷினும் அப்படித்தானாம். ஓடுகிற மெஷின் கெடுவதை விட மூடி வைத்த மெஷின் கெடுவதுதான் அதிகம் என்றார்.

எனக்கு விஷயம் அங்கேதான் உறைத்தது. என் ரீல் கடலில் சாகவில்லை, பரணில்தான் செத்தது. கடலில் ஒருநாள் முழுக்க நனைந்தால் கூட ரீலுக்கு உடனே ஒன்றும் ஆகாது. மேலே ஒட்டிய உப்பு, நூலுக்குள் ஊறிய உப்பு, ரோலருக்குள் போன ஒரு சொட்டு, இதெல்லாம் காய்ந்து, காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி இளகி, மறுபடி காய்ந்து, மூன்று மாதம் யாரும் தொடாமல் உட்கார்ந்து வேலை பார்க்கிறது. கடற்கரையில் இருப்பவன் வாரம் இரண்டு முறை அதே ரீலை எடுப்பான், கரகரப்பு வந்த அன்றைக்கே கைக்குத் தெரிந்துவிடும், ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகிவிடும். வருஷத்தில் ஆறு தடவை கடலுக்குப் போகிற வேலூர்க்காரனுக்குத் தனிக் கடல் ரீல் என்பது, உப்பைத் தடவிப் பத்திரமாகப் பூட்டி வைக்கிற ஏற்பாடு.

ஒரே ரீல் என்றால் கதை மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போன அதே ரீல் அடுத்த ஞாயிறு ஏரிக்கு வந்தாக வேண்டும், அதனால் அதைக் கழுவாமல் இருக்க முடியாது, கழுவத் தவறினாலும் ஏழு நாளில் பிடிபட்டுவிடும். ஏரித் தண்ணீரில் போட்டால் உப்பு தானாகப் போய்விடும் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். வெளியில் இருப்பது கொஞ்சம் கரையலாம், ரோலருக்குள் போனது போகாது.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கடலிலிருந்து வீடு வர மூன்று, மூன்றரை மணி நேரம். அதற்குள் உப்பு காய்ந்து கெட்டிப்பட்டுவிடும், அதனால் முதல் கழுவல் கரையிலேயே நடக்க வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டு போகிறேன், அதன் மூடியில் ஊசியைச் சூடாக்கி ஏழெட்டு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன், அமுக்கினால் பூவாளி மாதிரி வரும். டிராக் குமிழை, அதாவது மீன் இழுத்தால் நூல் எவ்வளவு இறுக்கத்தில் ஓட வேண்டும் என்று வைக்கும் திருகை, இறுக்கிவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் டிராக் வாஷருக்குள் தண்ணீர் இறங்கிவிடும். வாளியில் ரீலை முக்குவதோ, குழாயை முழுசாகத் திறந்து பீய்ச்சுவதோ கூடாது, வெளியில் இருக்கும் உப்பை நாமே உள்ளே தள்ளுவது போல ஆகும். வீட்டுக்கு வந்ததும் ஸ்பூலை மட்டும் கழற்றி, டிராக் வாஷர்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க வாளியில் ஊற வைக்கிறேன். பிரெய்டு நூல் பின்னலானது, அந்தப் பின்னலுக்குள்தான் உப்பு ஒளிந்திருக்கும், மேலாகக் கழுவினால் வராது.

இங்கே இன்னொரு சங்கதி. எங்கள் தெரு போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று குடத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும், சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். அந்தத் தண்ணீரில் ரீலைக் கழுவிக் காயவிட்டால் கடலுப்பு போய் ஊர் உப்பு ஒட்டிக்கொள்கிறது. ரோலரில் வெள்ளைப் படலம் படிந்ததை ஒரு தடவை பார்த்த பிறகு, கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரில் ரீல் குளிக்கிறது என்று வீட்டில் பேச்சு வாங்கியாகிவிட்டது. காய்வது ஃபேனுக்குக் கீழே, நம் ஊர் வெயிலில் வேண்டாம். காய்ந்த பிறகு ரோலருக்கு ஒரு சொட்டு, நூலை ரோலருக்குக் கொண்டுவரும் பெயில் கம்பி மடங்கும் இடத்துக்கு ஒரு சொட்டு, கைப்பிடிக் குமிழுக்கு ஒரு சொட்டு எண்ணெய், டிராக்கைத் தளர்த்தி வைத்தால் முடிந்தது, எல்லாம் சேர்த்து கால் மணி நேரம். கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் பிடிக்கும் உருளை கிளட்ச்சில் மட்டும் கிரீஸ் வைக்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து நான் வைத்தேன், மீன் இழுக்கும்போது கைப்பிடி வழுக்கிப் பின்னால் சுற்றியது.

சரி, எந்த ரீல்? நான் எடுத்தது 4000 அளவு, ஆனால் உடல் சின்னது. ஷிமானோ, டாய்வா இரண்டு கம்பெனி ரீலிலுமே எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ ஆங்கில 'சி' எழுத்து இருந்தால், பெரிய ஸ்பூலைச் சின்ன உடலில் பொருத்தியது என்று அர்த்தம். ஏரி ராடில் போட்டாலும் கனம் தெரியாது, கடலில் நூலும் பத்தாமல் போகாது. உடல் உலோகமா கிராஃபைட்டா என்பதில் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கிராஃபைட் அரிபடாது, பெரிய மீன் இழுத்தால் கொஞ்சம் வளையும். உலோகம் வளையாது, பெயிண்ட் போன இடத்தில் அரிக்கும். உள்ளே இருக்கும் பேரிங்கும் ஸ்க்ரூவும் இரண்டிலும் உலோகம்தான். இரண்டு ரீலுக்கு ஆகும் பணத்தை ஒன்றில் போடுவதால், தண்ணீர் உள்ளே போகாமல் சீல் வைத்த ரகத்துக்குப் போக முடிந்தது, அதுதான் லாபம்.

இரண்டாவது ஸ்பூலை ரீலோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை மாடலை மாற்றிவிடுகிறார்கள், அப்புறம் பழைய ரீலுக்கு ஸ்பூல் தேடி அலைய வேண்டும். என் ஏரி ஸ்பூலில் 40 பவுண்டு இழுப்பு தாங்கும் பிரெய்டு. மீன் பெரிசு என்பதற்காக இல்லை, அல்லிக்கொடியும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் வேலிக்காத்தானும்தான் காரணம். தவளை லூரை, அதாவது தவளை வடிவப் பொய் இரையை, விரால் அடித்ததும் முதல் இரண்டு விநாடியில் அதைச் செடியிலிருந்து வெளியே இழுக்காவிட்டால் மீனும் போச்சு லூரும் போச்சு. கடல் ஸ்பூலில் 30 பவுண்டு, 200 மீட்டர், முனையில் ஃப்ளூரோகார்பன் லீடர் (கொக்கிப் பக்கம் கட்டும் தனித் துண்டு நூல்), ஏனென்றால் கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும். சீலாவுக்கு அதுவும் பத்தாது, பல்லில் அறுத்துவிடும், கம்பி லீடர் வேண்டும். ஏரிக்குத் தடித்த நூல், கடலுக்கு மெல்லிய நூல் என்று தலைகீழாக இருக்கிறதே என்று மச்சான் சிரித்தான். அலை மேல் தூரமாக வீச மெல்லிய நூல்தான் வேண்டும், அங்கே மீன் ஓடுவதற்கு இடமும் இருக்கிறது, டிராக் பார்த்துக்கொள்ளும்.

ராடு மட்டும் இரண்டு வேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஒன்பதடி ராடை ஏரிக்கரைப் பனைமரங்களுக்கு நடுவில் வீசிப் பாருங்கள், தெரியும். நல்லவேளை, ராடில் சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது, கழுவித் துடைத்தால் பரணில் கிடக்கட்டும். எடுக்கும்போது வளையங்களுக்குள் ஒரு காது பட்ஸை விட்டுச் சுற்றிப் பாருங்கள், பஞ்சு சிக்கினால் அங்கே விரிசல், அது நூலை அறுக்கும்.

இந்த ஏற்பாடு சரிப்படாத இடங்களும் உண்டு. ஜிலேபிக் கெண்டைக்கும் சின்ன மீனுக்கும் இரண்டு மூன்று கிராம் லூர் வீசுகிறவருக்கு 4000 ரீல் உலக்கை. அவருக்குத் தனியாக ஒரு 1000 ரீல்தான் சரி. படகில் போய் ஆழத்தில் ஜிக், அதாவது கனமான உலோகப் பொய் இரை, போடுவதை நான் இரண்டே முறை செய்திருக்கிறேன், இரண்டும் இரவல் ரீலில். அந்த வேலைக்கு இந்தச் சின்ன உடல் தாங்குமா என்று அடித்துச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் கடல் என்றால், கடலோரம் இருக்கும் நண்பர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். என் சீல் வைத்த ரீலுக்கும் வயது ஒன்றரை வருஷம்தான். இதுவரை கரகரப்பு இல்லை, ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

ரீலைக் காப்பாற்றினவர்கள் கோட்டை விடுவது லூர் பெட்டியில். கடலில் நனைந்த ஒரே ஒரு லூரை அப்படியே பெட்டியில் போட்டால், அடுத்த வாரம் பக்கத்தில் இருக்கும் ஏரி லூர்களின் கொக்கிகளும் சேர்ந்து துருப்பிடித்திருக்கும். கடலில் போட்டதைத் தனி டப்பாவில் கொண்டு வந்து கழுவிக் காய வைத்துச் சேருங்கள். அப்புறம் எந்த ஏரியானாலும் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாகத் தண்ணீரில் கொதிக்கிற இடத்தில் தவளையைப் போடாதீர்கள். காவல் நிற்கும் விரால் அடிக்கத்தான் செய்யும், அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் காக்க ஆள் இருக்காது.

மச்சானுக்கு இதையெல்லாம் முக்கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "சரி மாமா, சரி மாமா" என்றவன் போன வாரம் இரண்டு செட்டு வாங்கிவிட்டான், ஆன்லைனில் தள்ளுபடியாம். முதல் கோவளம் பயணம் முடிந்து திரும்பும் வழியில் கடல் ரீலை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான், நான்தான் நன்றாகக் கழுவுகிறேனாம். கேன் தண்ணீர் காசை அவனிடம்தான் வாங்க வேண்டும்.