குட்டிப் பாம்பின் முதல் வீடு: கண்ணாடித் தொட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா, பி.வி.சி. கூண்டா?

வட அமெரிக்காவைச் சேர்ந்த, நஞ்சற்ற வளர்ப்பினமான கார்ன் பாம்பின் (corn snake) குட்டி, முட்டையிலிருந்து வெளிவந்த சில வாரங்களில் ஏறக்குறைய ஒரு பென்சிலின் பருமனில், ஓர் அடிக்குச் சற்று முன்பின்னான நீளத்தில் இருக்கும். அதே குட்டி சில ஆண்டுகளில் நான்கடிக்கு மேல் வளர்ந்து, நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆகவே அதற்கு எந்தக் கூண்டை வாங்குவது என்ற கேள்வி எழும்போது, இன்றைய பென்சிலுக்கு வாங்குவதா, நாளைய நான்கடிக்கு வாங்குவதா என்ற குழப்பமும் கூடவே வந்துவிடுகிறது. பெரும்பாலோர் அழகையும் அளவையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். பாம்புக்கோ அவ்விரண்டைக் காட்டிலும், சூடு ஓரிடத்திலும் குளுமை மற்றோரிடத்திலும் நிலையாகக் கிடைக்கின்றனவா, காற்றில் ஈரம் தங்குகிறதா, உடலை நெருக்கி மறைந்துகொள்ள இடம் உண்டா என்பவையே முக்கியம்.

கண்ணாடித் தொட்டிதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. நான்கு பக்கமும் தெரியும், சுத்தம் செய்வது எளிது, கீறல் விழாது. ஆனால் நான்கு பக்கமும் தெரிவது நமக்குத்தான் வசதி. எந்தப் பறவை எப்போது கொத்தித் தூக்கும் என்ற அச்சத்தோடே பிறக்கும் குட்டிக்கு அது திறந்த வெளியில் விடப்பட்டதற்கு ஒப்பாகும். புதிதாக வந்த குட்டி இரை எடுக்கவில்லை என்று கவலைப்படுபவர்களிடம், தொட்டியின் மூன்று பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடிவிட்டு ஒரு வாரம் தொந்தரவு செய்யாமல் விடுங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. அடுத்து, இத்தகைய தொட்டிகளில் பெரும்பாலானவை மேற்புறம் கம்பிவலை மூடி கொண்டவை. சூடான காற்று மேலே எழும்போது ஈரத்தையும் எடுத்துக்கொண்டு வலை வழியே போய்விடுகிறது. காலையில் தெளித்த தண்ணீர் மாலைக்குள் இருந்த சுவடே தெரியாது. 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமே போதும் என்னும் கார்ன் பாம்புக்கு இது பெரிய இடராகாது. ஆனால் 60 முதல் 80 விழுக்காடு வேண்டும் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் சிறு மலைப்பாம்பு) குட்டிக்கு, வலையின் பெரும்பகுதியை அலுமினியத் தாளாலோ தகட்டாலோ மூடினால்தான் கண்ணாடித் தொட்டி ஒத்துவரும்.

மூடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டியின் தலை எதில் நுழையுமோ அதில் முழு உடலும் நுழைந்துவிடும். என்னிடம் இருந்த முதல் குட்டி, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டின் ஒயர் உள்ளே போவதற்காக வலை மூடியின் ஒரு மூலையில் நான் விட்டிருந்த விரல் நுழையாத சந்து வழியே வெளியேறியது. மூன்றாம் நாள் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், மோட்டாரின் வெதுவெதுப்பில் சுருண்டு கிடந்ததைக் கண்டுபிடித்தேன். வலை மூடியின் நான்கு ஓரங்களிலும் கவ்விகள் இல்லையென்றால், மேலே புத்தகங்களை அடுக்குவதால் பயனில்லை; நடுவில் பாரம் ஏற ஏற ஓரங்கள் மேலெழும்பும்.

வீட்டில் துணி அடுக்கவும் செருப்பு வைக்கவும் பயன்படும் பூட்டுள்ள பிளாஸ்டிக் பெட்டி, பார்வைக்கு எளியது என்பதாலேயே பலராலும் குறைத்து மதிப்பிடப்படுகிறது. குட்டியின் முதல் ஓராண்டுக்கு என் தேர்வு இதுவே. அதன் சுவர்கள் மங்கலாக இருப்பதால் குட்டி பதற்றமின்றி இருக்கிறது. மூடி இறுக்கமாக இருப்பதால் ஈரம் தங்குகிறது. எடை குறைவென்பதால் வாரம் ஒரு முறை முழுவதுமாகக் கழுவிக் காயவைக்கவும் முடிகிறது. காற்றுக்கான துளைகளை மட்டும் நாமே போட வேண்டும். சூடேற்றிய சால்டரிங் கம்பியை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் குத்த வேண்டும். அப்போதுதான் உருகி நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு வெளிப்பக்கம் நிற்கும், மூக்கை உரசிக்கொண்டு அலையும் குட்டிக்குக் காயம் ஏற்படாது. துளை பென்சில் முனை அளவைத் தாண்டக்கூடாது. மூடியின் உட்புறம் எந்நேரமும் நீர்த்துளிகள் கோத்து நின்றால் துளைகள் போதவில்லை என்று பொருள். அதை அப்படியே விட்டால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும், மூச்சுக்குழாயிலும் தொற்று வரும்.

பிளாஸ்டிக் பெட்டியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு மேலிருந்து விளக்குச் சூடு கொடுக்க முடியாது; உருகிவிடும். அடியில் ஒட்டும் சூட்டுப் பாய் ஒன்றே வழி, அதுவும் தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மூடுமாறு ஒரு கோடியில் அமைய வேண்டும். சூட்டுப் பாய் தரையைச் சூடாக்குமே தவிரக் காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. எனவே பெட்டி இருக்கும் அறையே குளிர்ந்து கிடந்தால் இந்த ஏற்பாடு தடுமாறும். பெட்டியில் உயரமும் குறைவு. கார்ன் பாம்பு கிளைகளில் ஏற விரும்பும் இனம் என்பதால், ஓராண்டுக்குப் பின்னும் அதைத் தட்டையான பெட்டியிலேயே வைத்திருப்பது வளர்ப்பவரின் வசதிக்கே அன்றிப் பாம்பின் நலத்துக்கு அன்று.

பி.வி.சி. பலகைக் கூண்டு மூன்றில் விலை கூடியது, தரத்திலும் மேலானது. சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தேக்கி வைக்கிறது, நனைந்தாலும் உப்பாது. கதவு முன்புறம் இருப்பதால் கை மேலிருந்து இறங்காமல் பக்கவாட்டில் நுழைகிறது. மேலிருந்து வரும் எதையும் கொன்றுண்ணியாகவே கருதும் பாம்புக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. முன்கதவுக் கூண்டுக்கு மாறிய பிறகு சீறலும் வாலாட்டலும் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே விளக்கு வைத்தால், பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு சூடுபடாமலிருக்க கம்பிக் காப்பு அவசியம். நகரும் கண்ணாடிக் கதவு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இருக்கும் சந்துதான் குட்டிக்கு ஆபத்தானது. அதை அடைக்காமல் பென்சில் பருமன் குட்டியை அதில் விடக்கூடாது. மரக் கூண்டைப் பற்றி ஒரு வரி போதும்: சூட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இணைப்புகளை முழுமையாகப் பூசி மூடாவிட்டால் ஈரத்தில் உப்பும், உண்ணிகள் அந்த இடுக்குகளில் குடியேறும்.

பெரிய கூண்டில் விட்டால் குட்டி பயந்து சாப்பிடாது என்று ஒரு சாராரும், சிறிய பெட்டி பாம்பை உடல் நீட்டக்கூட விடாத சிறை என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. குட்டியை அச்சுறுத்துவது பரப்பளவு அன்று, வெறுமை. 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட, வளர்ந்த பாம்புக்குரிய கூண்டிலேயே குட்டியை விடலாம். ஆனால் சூடான கோடியிலிருந்து குளிர்ந்த கோடிவரை அது தலையை வெளிக்காட்டாமலே போகும்படி மரப்பட்டை, செயற்கை இலை, கிளை என நிரப்பியிருக்க வேண்டும். அவ்வளவு நிரப்பிய பின் ஓரடிக் குட்டியைத் தினமும் தேடி, அது சாப்பிட்டதா, கழித்ததா என்று கவனிப்பது புதியவருக்குக் கடினம். இதனாலும்தான் முதல் ஓராண்டுக்குச் சிறிய பெட்டியைப் பரிந்துரைக்கிறேன். அப்போதும் அதன் நீளமும் அகலமும் சேர்ந்து குட்டியின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சூட்டுக் கருவி எதையும் இணைக்கக்கூடாது. கட்டுப்பாடற்ற சூட்டுப் பாய் 45 பாகையைத் தாண்டக்கூடும். பாம்போ வயிறு வெந்தாலும் உடனே விலகிப் போவதில்லை. கார்ன் பாம்புக்குச் சூடான கோடி 29 முதல் 32 பாகை செல்சியஸ், குளிர்ந்த கோடி 22 முதல் 24 என்றிருந்தால் போதும். பால் பைத்தானுக்கு இரண்டையும் ஓரிரு பாகை கூட்டிக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட்டின் உணரியை உள்ளே தளர்வாகப் போட்டால் குட்டி அதைக் குளிர்ந்த பக்கம் இழுத்துவிடும், கருவியும் சூடு போதவில்லை என்று எண்ணி ஏற்றிக்கொண்டே போகும். எனவே பாய்க்கும் பெட்டியின் அடிக்கும் இடையில் அதைப் பதித்து ஒட்டுவதே நல்லது. பதித்த பின், உள்ளே தரை எவ்வளவு சூடாகிறது என்பதைத் தனியொரு டிஜிட்டல் வெப்பமானியால் அளந்து சரிபார்க்க வேண்டும். சுவரில் ஒட்டும் முள் வைத்த வட்ட மானிகளை நான் நம்புவதில்லை.

தரைக்கு எது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. முதல் இரண்டு மாதம் சமையலறைக் காகிதம்: எச்சம் உடனே தெரியும், உண்ணி இருந்தால் வெள்ளைத் தாளில் நகரும் கரும்புள்ளியாகக் கண்ணில் படும். பிறகு கார்ன் பாம்புக்கு ஆஸ்பென் மரச்சீவலும், ஈரம் வேண்டும் பால் பைத்தானுக்குத் தென்னை நார்த்தூளும் பொருந்தும். ஆஸ்பென் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். தேவதாரு, பைன் சீவல்களின் எண்ணெய் வாடை பாம்புக்குக் கேடு.

மறைவிடங்கள் இரண்டு வேண்டும், ஒரே அளவில், கோடிக்கு ஒன்றாக. ஒன்றை மட்டும் சூடான பக்கம் வைத்தால், குளிர்ச்சி வேண்டும் நேரத்திலும் குட்டி பயத்தால் அங்கேயே கிடக்கும். கண்கள் பால்போல் மங்கி, சட்டை உரிக்கப்போகிறது என்று தெரிந்தால், ஈரப்பாசி நிரப்பிய சிறு டப்பா ஒன்றைத் துளையிட்டு நடுவில் வைத்துவிடலாம். உரிந்த சட்டையில் இரு கண்களின் மேலிருந்த வட்டத் தோலும் வந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே அந்த டப்பாவை எடுக்க வேண்டும். பெரிய கூண்டுக்கு மாற்றும் நாளில் பழைய மறைவிடங்கள் இரண்டையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோய் வைத்தால், தன் வாடை படிந்த இடத்தைக் கண்டு குட்டி அன்றிரவே உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.